வெள்ளிமலைக்கு ரெண்டு டிக்கெட்!

கையில் ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஊட்டியில் ரூம் வாடகையைக் கேட்டதும் என் ஆபீஸ் நண்பனுக்கு ஊட்டியிலேயே வியர்க்கும்போல் ஆகிவிட்டது. ''கல்வராயன் மலை போலாம்டா'' என்றேன்.

''ஐயையோ! சாராயம் காய்ச்சற ஊராச்சே!''

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நடந்தது கீழே, டவுனில். பழி மட்டும் மலைக்கும் சேர்த்து!

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினோம். கச்சிராயபாளையம் தாண்டினால் கோமுகி அணை. அதன்பிறகு பஸ் முனக ஆரம்பிக்கிறது. வளைவுக்கு வளைவு நண்பன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தான். நான் ஜன்னல் வழியே காட்டை முகர்ந்தேன். வழியில் பெரியார் நீர்வீழ்ச்சி எட்டிப் பார்த்தது. வெள்ளிமலையில் இறங்கியதும் கால்கள் தானாக டீக்கடைக்கு நடந்தன. அப்படி ஒரு காற்று!

பெஞ்சில் ஒரு பெரியவர். ''நாங்க மலையாளிங்க தம்பி'' என்றார்.

நண்பன் முந்திக்கொண்டான். ''அப்படியா ஐயா! கேரளாவுல எந்த ஊரு?''

''காஞ்சிபுரம்!''

கடையே சிரித்தது. மலையில் வாழ்பவர்கள் என்பதால் மலையாளி. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். பேசுவது நம்ம தமிழ்தான்.

''வெள்ளைக்காரன் போயும் எங்களுக்கு விடியலை தம்பி. ஜாகீர்தாருங்க இருந்தாங்க. கூலி இல்லாம அவங்க நெலத்துல வேலை செய்யணும்.''

மூன்று ஜாகீர்களாக இருந்த இந்த மலையை அரசு எடுத்துக்கொண்டது எப்போது தெரியுமா? 1976-ல்!

''சுதந்திரம் எங்களுக்கு லேட்டு பஸ்ல வந்துச்சு'' என்றார் பெரியவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாராயச் சாவுகளுக்குப் பிறகுதான், 2024-ல், சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, இந்த மலை மக்களின் வாழ்க்கை பற்றி வழக்கு எடுத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கேட்க அறுபது பேருக்கு மேல் சாக வேண்டியிருந்தது!

மதியம் மேகம் நீர்வீழ்ச்சிக்கு நடந்தோம். வழியெல்லாம் மரவள்ளி, சாமை. கடுக்காய் மரங்களைப் பார்த்தோம். கேமராவுக்குத்தான் ஓய்வில்லை. அருவியின் சத்தம் கேட்டதுமே நண்பன் சட்டையைக் கழற்றிவிட்டான். ஐப்பசி, கார்த்திகையில் போனால் தண்ணீருக்குக் குறைவிருக்காது. சித்திரையில் போய்விட்டு என்னைத் திட்டாதீர்கள்!

பாறையில் கால் வைத்தவன் 'ஆ' என்றான். உடைந்த பிராந்தி பாட்டில். சுற்றிலும் இன்னும் ஏழெட்டு. எல்லாம் ஸீல் வைத்த சரக்கு. கீழேயிருந்து நம்மைப்போல் 'இயற்கையை ரசிக்க' வந்தவர்கள் விட்டுப்போன நினைவுச்சின்னம்!

''சாராயம் காய்ச்சற ஊருன்னியே... இதெல்லாம் இந்த ஊர்ல காய்ச்சினதா?'' என்று கேட்டேன்.

பதில் இல்லை. குனிந்து பொறுக்க ஆரம்பித்தான்.

கடைசி பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் பையிலிருந்து வந்த 'கலகல' சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

''எல்லாம் காலி பாட்டில் சார்'' என்றான் நண்பன் பரிதாபமாக.

கண்டக்டர் நம்பவேயில்லை!