கட்டாத சமன்

என் போனில் ஐந்து சமன்கள் கிடந்தன. எல்லாமே வேகத்துக்கு. தஞ்சோங் மாலிமில் வேலை முடிந்து, வெள்ளிக்கிழமை இரவுகளில் பீடோரிலிருக்கும் அம்மா வீட்டுக்குப் போகையில் நெடுஞ்சாலையில் வாங்கியவை. "கட்டித் தொலையேன்டா" என்பார் அம்மா. "இருங்கம்மா, எப்படியும் டிஸ்கவுண்ட் போடுவாங்க" என்பேன். போடவும் செய்தார்கள். பொறுத்திருந்தவனுக்குத்தான் எப்போதும் லாபம்.

2025 ஜூன் 9. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து, ஜெர்த்தேயிலிருந்து எங்கள் ஊரிலுள்ள உப்சி பல்கலைக்கழகத்துக்கு மாணவர்களை ஏற்றிவந்த பஸ், நள்ளிரவு தாண்டிக் கெரிக் அருகே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. 15 மாணவர்கள் இறந்துபோனார்கள்.

பஸ் டிரைவரின் பெயரில் 18 சமன்கள் இருந்ததாகவும், அவற்றில் 13 வேகத்துக்கானவை என்றும் போலீஸ் சொன்னது. நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் டிவியைப் பார்த்தபடி ஒருவர், "பதினெட்டாம்! இவனுக்கெல்லாம் எப்படி லைசென்ஸ் விட்டு வெச்சாங்க?" என்றார். நானும் தலையாட்டினேன். சட்டைப்பையில் போன் இருந்தது.

எப்படி விட்டு வைத்தார்கள் என்று அன்றிரவு தேடிப் படித்தேன். 'கெஜாரா' முறையில் குற்றத்துக்குப் புள்ளி ஏறும். புள்ளிகள் சேர்ந்தால் லைசென்ஸ் முடக்கப்படும். ஆனால் சமனைக் கட்டினால், அல்லது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்த்தால்தான் அந்தப் புள்ளியே ஏறும். கட்டாதவரை ஏட்டில் நீங்கள் யோக்கியர். ஆப்பரேட்டர் ஒப்புக்கொண்டால் மட்டும் பழுது விளக்கு எரியும் என்று ஒரு மெஷினை நான் வடிவமைத்தால், என் மேலதிகாரி என்னைச் சும்மா விடுவாரா?

அந்த விபத்துக்கு எது காரணம் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு உறைத்தது வேறு. மின்சார பில்லைப் போலத்தான் சமனையும் பார்த்துவந்திருக்கிறேன். கையில் காசு இருந்தால், தள்ளுபடி வந்தால் கட்டுவது. அது எனக்கு வந்த எச்சரிக்கை என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

2026 ஜனவரி முதல் கணக்கைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். 15 நாளுக்குள் கட்டினால் பாதி, தள்ளிப்போட்டால் கூடும். நல்லதுதான். ஆனால் நான் அதுவரை காத்திருக்கவில்லை. அந்த ஜூன் மாதமே ஐந்தையும் கட்டினேன், முழுத்தொகை.

கட்டுவதற்குமுன் ஒன்றைத் திறந்து பார்த்தேன். 110 சாலையில் 138. இரவு 9.40. அவ்வளவு அவசரமாக எதற்குப் போனேன் என்று ரொம்ப நேரம் யோசித்தேன். அம்மா சோறு எடுத்து வைத்திருப்பார். அதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் வரவில்லை.