பின்னாடி டிரம்மே இருக்கட்டும்

எங்க வீட்டு மாருதி 800 என்னைவிட ஒன்பது வயசு மூத்தது. 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி, அப்பா வாங்கின முதல் கார். விக்க மனசில்லாம, ஓட்ட நேரமும் இல்லாம பல வருஷமா போர்ட்டிகோவிலேயே நின்னுச்சு. மூணாவது வருஷ லீவில் நானும் அப்பாவும் அதைத் திரும்ப ஓட வச்சோம்.

அந்த சந்தோஷத்தில் அம்மா, தங்கச்சியோட ஏற்காடு கிளம்பினோம். ஏறும்போது ஒரு பிரச்சனையும் இல்லை. இறங்கும்போது அப்பா மூணாவது கியரில், பிரேக்கிலேயே காலை வச்சு ஓட்டினார். 20 கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியிருப்போம். மிதிச்ச பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போச்சு. ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணி, கியரைக் குறைச்சு, எப்படியோ ஓரமா நிறுத்தினார். யாரும் பேசலை. தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. அரை மணி நேரம் ஆற விட்டு, ஃபர்ஸ்ட் கியரிலேயே கீழே வந்தோம்.

அன்னைக்கு ராத்திரியே முடிவு பண்ணிட்டேன். பின்னாடி இருக்கிற டிரம்மைத் தூக்கிட்டு டிஸ்க் போடணும். இன்டர்ன்ஷிப்பில் கிடைச்ச 18,000 ரூபாய் கையில் இருந்தது. மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னேன். "தம்பி, இன்ஜினியரிங்தானே படிக்கிறீங்க? பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரத்துல எவ்ளோ வெயிட் நிக்கும்னு கணக்கு போட்டுட்டு வாங்க, அப்புறம் மாத்தலாம்" என்றார்.

போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்க, முதல் வருஷ மெக்கானிக்ஸ் போதும். வண்டி சுமார் 650 கிலோ, ரெண்டு பேரோட 780. வீல்பேஸ் 2.175 மீட்டர். ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில், எடையில் 60 சதவீதம் முன்னாடி என்பது என் அனுமானம். 0.7 ஜி அளவுக்கு பிரேக் பிடிச்சா, 780 × 0.7 × 0.5 ÷ 2.175, அதாவது சுமார் 125 கிலோ முன்பக்கம் போயிடும். 312 கிலோ தாங்கின பின் சக்கரங்களில் மிச்சம் 187 கிலோதான். மொத்தத்தில் கால்வாசிகூட இல்லை.

அந்தக் கால்வாசி வேலைக்கு டிரம் தாராளம். அதுக்கு மேல பிடிச்சா பின் சக்கரம் முதல்ல லாக் ஆகி வண்டியே சுத்திடும். டிரம்மில் சக்கரம் சுத்துற வேகமே ஷூவை இன்னும் அழுத்தும். டிஸ்க்கில் அது கிடையாது. அதனால மாஸ்டர் சிலிண்டர், பின்பக்க அழுத்தம், ஹேண்ட் பிரேக் எல்லாத்தையும் புதுசா பொருத்திப் பாக்கணும். டிஸ்க் சீக்கிரம் சூடு ஆறும், நனைஞ்சாலும் பிடிக்கும், உண்மைதான். ஆனா அந்த நன்மை அதிகம் தேவைப்படுற முன் சக்கரத்தில் கம்பெனியே டிஸ்க்தான் கொடுத்திருக்கு.

அப்போ ஏற்காட்டில் என்ன ஆச்சு? பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும். ஈரம் சேர்ந்தா அந்த அளவு 140 டிகிரிதான். கொதிச்சா ஆவிக்குமிழ் வரும், பெடல் பஞ்சாகும். எங்க ஆயில் காபி கலர்ல இருந்தது. டிரம்மைக் கழட்டினா ஒரு வீல் சிலிண்டர் கசிஞ்சு ஷூவெல்லாம் எண்ணெய். வண்டியோட டிசைன் மேல பழி போட்டேன். தப்பு பராமரிக்காத எங்க மேல.

ஆயில், ஹோஸ், ஷூ, வீல் சிலிண்டர் எல்லாம் மாத்த 7,000 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. மிச்சப் பணம் நாலு டயருக்குப் போச்சு. உங்க வீட்டில் நாலு சக்கரத்திலும் டிரம் இருக்கிற பழைய பத்மினி இருந்தா டிஸ்க் பத்தி யோசிக்கலாம். அங்கேயும் முதல்ல முன்பக்கம்தான்.

போன மாசம் திரும்பவும் ஏற்காடு போனோம். செகண்ட் கியரில் இறங்கினோம். பாதி வழியில் தங்கச்சி தூங்கிட்டா.

சரி, உங்க பைக்கில் பிரேக் ஆயில் கடைசியா எப்போ மாத்தினீங்க?