மல்லிக் பஜாரும் ஒரு பழைய அம்பாசடரும்

கல்கத்தா என்று நம்மவர் இன்றும் வழங்கும் கொல்கத்தா மாநகருக்குத் தென்னாட்டிலிருந்து விருந்தினர் வந்தால், காளிகட்டம், தட்சிணேசுவரம், விக்டோரியா மண்டபம் ஆகியவற்றைக் காட்டி மகிழ்கிறோம். மல்லிக் பஜாருக்கு எவரையும் அழைத்துச் செல்வதில்லை. பழைய மோட்டார் ஒன்றின் நோய் தீர்க்க வேண்டி, சென்ற மாதம் ஞாயிறொன்றில் நாம் அங்கே செல்ல நேர்ந்தது. கண்டதை அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பை அடுத்து வாழும் நம் பெரியவர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆயின. அவரிடம் 1968-இல் பதிவான அம்பாசடர் கார் ஒன்று உண்டு. நள்ளிரவில் எவருக்கேனும் பிரசவ வலி கண்டால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றது பெரும்பாலும் அந்த வண்டியே. அண்மையில் அதிலிருந்து பெட்ரோல் வாடை வீசத் தொடங்கிற்று. வெளியூரிலிருக்கும் மகன், 'பேரக் குழந்தைகள் ஏறும் வண்டி. எடைக்குப் போட்டுவிடுங்கள் அப்பா' என்று வற்புறுத்தினார். பழைய இரும்பு வியாபாரி ஒருவர் விலையும் பேசிவிட்டுப் போனார்.

மகனின் அச்சம் வீண் அச்சமன்று. இவ்வண்டியின் இயந்திரத்தில் கார்புரேட்டரும் புகை வெளியேறும் இரும்புக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலே கசியும் பெட்ரோல் கீழே கொதிக்கும் இரும்பின்மீது சொட்டுமானால், நேரக்கூடிய விபரீதத்தைச் சொல்ல வேண்டுவதில்லை.

கிதிர்ப்பூர் வழியாக பஸ்ஸில் சென்றோம். பார்க் வீதியும் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ் சாலையும் கூடும் முனையில் இருக்கிறது மல்லிக் பஜார். அருகிலேயே 1767-இல் திறக்கப்பெற்ற ஐரோப்பியர் இடுகாடு. காளிதாசனின் சாகுந்தலத்தை ஆங்கிலத்தில் ஆக்கிய ஸர் வில்லியம் ஜோன்ஸ் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். இறந்தோர் உறங்கும் அவ்விடத்தின் பக்கத்திலேயே இறந்த மோட்டார்கள் பிழைத்தெழுகின்றன! கதவுகள், விளக்குகள், சக்கரங்கள், பெயர் தெரியாத பித்தளை உறுப்புகள் ஆகியவை கடைதோறும் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. வங்காளியும் உருதுவும் ஹிந்தியும் கலந்த பேரம் காதைத் துளைக்கிறது. நம்மை 'தாதா' என்று விளித்தார்கள். அது இங்கே அண்ணனைக் குறிக்கும் சொல் என்பதை வாசகர் அறிவர்.

முதிய மிஸ்திரி ஒருவர் நாம் கூறியதைப் பொறுமையுடன் கேட்டார். 'கசியும் வண்டியை இங்கே ஓட்டி வந்துவிடாதீர்கள், தாதா; நானே வருகிறேன்' என்றார். ரப்பர் குழாய் இரண்டு முழம், கிளிப்புகள், பம்புக்குரிய டயப்ரம், கார்புரேட்டரின் மிதவையும் ஊசி வால்வும் ஆகியவற்றை அவரே தேர்ந்தெடுத்து, நம்முடன் பஸ் ஏறினார்.

அவர் வேலை செய்த முறை நம் கருத்தைக் கவர்ந்தது. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளச் செய்தார். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பீடி பிடிப்போரை அப்பால் போகச் சொன்னார். ஒரு வாளி மணலை அருகில் வைத்துக்கொண்டார். பின்னர்க் குழாய்களையும் மூட்டுகளையும் துணியால் துடைத்து உலர்த்தி, அடியில் செய்தித்தாளை விரித்தார். இயந்திரத்தை ஓட்டாமலே, பம்பிலுள்ள சிறு நெம்புகோலைக் கையால் அசைத்துப் பெட்ரோலை ஏற்றினார். 'உலர்ந்த இடத்தில் எது முதலில் நனைகிறதோ, அதுவே புண்' என்பது அவர் கூறிய சூத்திரம்.

புண் இரண்டிடத்தில் இருந்தது. பம்புக்கு வரும் ரப்பர் குழாய் நெடுக வெடித்திருந்தது. கார்புரேட்டரின் மிதவை அறையும் நிரம்பி வழிந்தது. அவ்வறையில் பெட்ரோல் போதிய அளவு ஏறியதும், மிதவை எழுந்து ஊசி வால்வை அடைக்க வேண்டும். மிஸ்திரி பழைய பித்தளை மிதவையைக் கழற்றிக் காதருகே குலுக்கினார், உள்ளே சளசளத்தது. அடுப்பினின்று தொலைவில், சுடுநீர்ப் பாத்திரத்தில் அதை அமிழ்த்தினார். ஓரிடத்திலிருந்து குமிழிகள் கிளம்பின. ஓட்டை விழுந்த மிதவை எப்படி மிதக்கும்? மிதவை, ஊசி, குழாய், டயப்ரம் நான்கும் புதியன ஆயின. செம்பு வாஷரை மட்டும் அவர் எறியவில்லை. வீட்டு அடுப்பில் சிவக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தார். இறுகியிருந்த செம்பு இளகி, மீண்டும் மூட்டில் நன்கு படிந்தது. மறுபடி நெம்புகோலை அசைத்தபோது செய்தித்தாள் உலர்ந்தே இருந்தது.

இத்தனை நாள் நன்றாயிருந்த ரப்பர் இப்போது ஏன் கெட்டது என்று வினவினோம். முதுமை ஒரு காரணம், எரிபொருள் மற்றொன்று. 2023-இல் அறிமுகமான, 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் இன்று நாடெங்கும் விற்கப்படுகிறது. எதனால் பழைய வகை ரப்பரை உப்பவும் வெடிக்கவும் செய்யும்; ஈரத்தை ஈர்த்து டாங்கியில் துரு ஏறவும் இடமளிக்கும். ஆதலின் பழைய வண்டி வைத்திருப்போர், எதனாலைத் தாங்கும் ரப்பர் என்று கேட்டு வாங்குதல் நலம்.

அம்பாசடர் பிறந்த இடமும் நமக்கு அண்மையதே. ஹௌரா–பர்த்தமான் முதன்மைப் பாதையில், உத்தரப்பாராவை அடுத்து 'ஹிந்த் மோட்டார்' என்றே ஒரு ரயில் நிலையம் உண்டு. அங்குள்ள தொழிற்சாலையில் 1957 முதல் 2014 மே மாதம் வரை அம்பாசடர் உருவாயிற்று. இன்று ஆலை இல்லை. நிலையத்தின் பெயர் நிற்கிறது. ஐம்பதாண்டு கடந்து, மூல உருவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி வகுத்தது. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றிற்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது. பெரியவர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். 'காட்சிக்கு நிறுத்தவா இத்தனை நாள் வைத்திருந்தேன்? ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வேன்?' என்றார். சாதாரணப் பதிவையே புதுப்பிக்க முடிவு செய்துவிட்டார்.

மறுவாரம் இரும்பு வியாபாரி வந்தபோது, பெரியவர் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். மகனுக்கோ, மாற்றிய உறுப்புகளின் பட்டியலையும், வண்டியில் புதிதாக வைத்த தீயணைப்புக் கருவியின் விவரத்தையும் எழுதினார். கவலைக்கு உரிய விடை அதுவே என்று நமக்கும் தோன்றிற்று. நம் அன்பர்களுள் பழைய வண்டி உடையோர் பெட்ரோல் வாடை வீசினால் அன்றே வண்டியை நிறுத்துக. உலரத் துடைத்துப் பார்க்க. பிறகு மல்லிக் பஜாருக்குப் புறப்படுக.