நாலாயிரம் டொலர்

1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது ஏறக்குறைய ஒரு லட்சம் இலங்கையர் அங்கே இருந்தார்கள். பெரும்பாலானோர் வீட்டு வேலைக்குப் போன பெண்கள். கண்டியைச் சுற்றியுள்ள முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் சிங்களக் கிராமங்களிலிருந்தும் போயிருந்தார்கள், தோட்டங்களிலிருந்தும் சிலர்.

அந்தச் சிலரில் ஒருத்தி, கலஹாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண், கொழுந்தனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு என் சட்ட அலுவலகத்துக்கு வந்தாள். வளைகுடா யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். அவள் கேட்டது எட்டு மாதச் சம்பள பாக்கி. “மேடம் சேத்துத் தர்றேன்னு சொன்னாங்க ஐயா. அதுக்குள்ள பட்டாளம் வந்திருச்சு.” மேடம் மேல் கண்டியில் வழக்குப் போடலாமா என்பது கொழுந்தனின் கேள்வி. போட முடியாது. குவைத்துக்குப் போய் வழக்காட அவளிடம் பஸ் காசு கூட இல்லை.

ஆனால் ஐ.நா. பாதுகாப்புச் சபை 1991 ஏப்ரலில் 687ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. குவைத்தைச் சட்டவிரோதமாகப் பிடித்ததால் நேரடியாக விளைந்த இழப்புக்கெல்லாம் ஈராக்கே பொறுப்பு என்று அதன் 16ஆம் பந்தி சொல்லிவிட்டது. அந்த ஒரு பந்தியின் அருமை நீதிமன்றத்தில் தவம் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் ஊரில் ஒரு நட்டஈட்டு வழக்கின் பாதி ஆயுள் யார் பொறுப்பு என்று நிறுவுவதிலேயே போய்விடும். இங்கே அது முடிந்த விஷயம். யாருக்கு எவ்வளவு என்பது மட்டும் பாக்கி. அந்தக் கணக்கைப் பார்க்க ஜெனீவாவில் ஐ.நா. நட்டஈட்டு ஆணைக்குழு அமைந்தது. அது நீதிமன்றமல்ல, சாட்சிக் கூண்டும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. தனி ஆள் நேராக அங்கே போகவும் முடியாது. அவரவர் அரசாங்கம்தான் படிவங்களைத் திரட்டி அனுப்ப வேண்டும். இலங்கையில் அந்த வேலை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தலையில் விழுந்தது.

கோரிக்கைகளை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஏ வகை மிக எளியது: 1990 ஓகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேறியதைக் காட்டினால் போதும், தனி ஆளுக்கு 2,500 டொலர். வேறெந்த வகையிலும் கேட்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டால் 4,000. சம்பள பாக்கி, விட்டுவந்த நகை, சாமான் எல்லாம் சி வகை. உச்சவரம்பு ஒரு லட்சம் டொலர்.

கொழுந்தனுக்கு ஒரு லட்சம் என்ற சொல் காதில் ஏறிவிட்டது. இரண்டிலும் கேட்போம் என்று ஒற்றைக்காலில் நின்றார். நான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: சம்பளம் இவ்வளவு என்று எழுதிய கடதாசி இருக்கிறதா? மேடத்திடம். பாஸ்போட்? அதுவும் மேடத்திடம். வளையல் வாங்கிய ரசீது? சிரித்தாள். அவளுடைய எட்டு மாதச் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்தால் நாலாயிரத்தின் பக்கத்தில் கூட வராது. ஏ வகையில் 4,000க்குக் கையெழுத்து வை என்றேன். அப்போது அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “இதை மேடம்கிட்ட பறிச்சா தருவாங்க?” இல்லை, ஈராக்கின் எண்ணெய்க் காசு என்று விளக்கிய பிறகே பேனாவை வாங்கினாள்.

வழக்கின் உயிர் ஒரு பால்மா டின்னுக்குள் இருந்தது. பக்தாத் வழியாக ஜோர்தான் எல்லைக்கு வந்து, பாலைவனக் கூடாரத்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்று, அம்மானிலிருந்து விமானம் ஏறியவள் அவள். அந்த விமானத்தில் ஏறக் கொடுத்த அட்டையின் கிழிந்த பாதியை டின்னில் போட்டு வைத்திருந்தாள். மை மங்கினாலும் திகதியை வாசிக்க முடிந்தது. அதில் இருந்த பெயர்தான் சிக்கல். தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர், பாஸ்போட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர். அட்டையில் இருந்ததோ அரபு காதில் விழுந்தபடி யாரோ எழுதிய நாலாவது பெயர். தோட்டங்களில் இது புதினமே அல்ல. நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 1988இல் வந்த பிறகுதான் அவள் குடும்பத்தில் முதல் பாஸ்போட்டே எடுத்தார்கள். அதற்கு முன்னால் அவர்கள் பெயரைச் சரியாக எழுத எந்த அரசாங்கத்துக்கும் அக்கறை இருக்கவில்லை.

நாலு பெயரும் ஒருத்தியே என்று சத்தியக் கடதாசி எழுதினேன். கிராம சேவகரின் உறுதிப்படுத்தலும் தோட்டத்துத் துரையின் கடிதமும் சேர்ந்தன. ஜெனீவாவில் லட்சக்கணக்கான ஏ வகைப் படிவங்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வாசிக்கவில்லை. வெளியேறியவர்களின் பட்டியல்களோடு கணினியில் ஒப்பிட்டார்கள், மற்றவற்றை மாதிரி எடுத்துச் சரிபார்த்தார்கள். அங்கே அவள் பெயர் தடையின்றிக் கடந்தது. கண்டியில்தான் இடறியது. முதல் தவணை வந்தபோது வங்கிக் கவுண்டரில் இருந்தவர், அடையாள அட்டையில் இந்தப் பெயர் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார். சத்தியக் கடதாசியின் பிரதியோடு நானே போய் நின்றேன். ஐ.நா. ஏற்றதை நீங்கள் ஏற்கமாட்டீர்களா என்று கேட்டதும் முகாமையாளர் தேநீர் தருவித்தார். 2,500 டொலர், அன்றைய மாற்று விலையில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் சொச்சம்.

அது வரப் பல வருடம் ஆனதற்குக் காரணம் உண்டு. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் 30 சதவீதம் வரை நட்டஈட்டுக்கு என்று 1991இலேயே வரையறுத்திருந்தார்கள். ஆனால் பொருளாதாரத் தடையால் எண்ணெயே விற்பனைக்கு வரவில்லை. உணவுக்கு எண்ணெய் என்ற ஏற்பாட்டின் கீழ் 1996 டிசம்பரில் விற்பனை தொடங்கிய பிறகே பணம் பெருகியது. அந்த வருடங்களில் ஈராக்கிய ஆஸ்பத்திரிகளில் மருந்தில்லை. படையெடுக்கச் சொன்னவர் மாளிகையில் இருந்தார். முப்பது சதவீதத்தைக் கட்டியவர்கள் ரேஷன் மாவுக்கு நின்றவர்கள். பின்னால் அந்தச் சதாம் ஹுசைனைத் தூக்கிலிட்டதும் துஜைல் என்ற ஊரில் நடந்த கொலைகளுக்காக. குவைத்துக்காக அவரை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. என் கட்சிக்காரியின் 4,000 டொலரில் எனக்குச் சந்தேகமில்லை. அதை யார் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்கள் என்பதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆணைக்குழுவுக்குச் சுமார் 27 லட்சம் கோரிக்கைகள் வந்தன. தீர்ப்பான தொகை 5,240 கோடி டொலர். கடைசித் தவணையை ஈராக் கட்டி முடித்தது 2022 ஜனவரியில். எளியவர்களின் ஏ, பி, சி வகைகளை முதலில் தீர்த்து, எண்ணெய்க் கம்பனிகளைப் பின்னால் நிற்க வைத்தது அதன் ஆகச் சிறந்த முடிவு.

பணம் வந்த செய்தி பரவியதும் பலர் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் கண்டி நகரில் கடை எரிந்த முதலாளி ஒருவர், தான் எந்த வகையில் வருவார் என்று விளையாட்டாக அல்ல, உண்மையாகவே கேட்டார். உங்களுக்குப் படிவமே இல்லை என்றேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் புகுந்தால் 687 வரலாம். சொந்த நாட்டுக்குள் எரித்தால் சொந்த அரசாங்கத்திடம்தான் கேட்க வேண்டும். இழப்பீட்டு அலுவலகத்துக்கான சட்டமே இங்கே 2018இல்தான் வந்தது. நாடு விட்டு நாடு புகுந்தாலும் நிச்சயமில்லை. உக்ரேனியரின் சேதங்களை எழுதி வைக்க 2023இல் ஹேக் நகரில் பதிவேடு ஒன்றை அமைத்தார்கள். ஏ வகை போலவே எளிய படிவம், கைபேசியிலேயே நிரப்பலாம். ஆனால் புகுந்த நாடு பாதுகாப்புச் சபையில் வீட்டோவோடு உட்கார்ந்திருக்கிறது. ஈராக்குக்கு அந்த நாற்காலி இல்லை. அதனால்தான் என் கட்சிக்காரிக்குக் காசு கிடைத்தது என்று நான் இளம் சட்டத்தரணிகளிடம் சொல்வதுண்டு. அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

மிச்சம் 1,500 டொலர் பின்னொரு தவணையாக வந்தது. அதை எடுக்க அவள் வரவில்லை, புருஷன் வந்தார். அவள் எங்கே என்றேன். குவைத்தில், வேறொரு வீட்டில், என்றார். அங்குள்ள தூதரகத்தில் அவள் கையெழுத்திட அற்றோர்னித் தத்துவம் ஒன்று எழுதிக் கொடுத்தேன். நாலு பெயரையும் அதில் மறக்காமல் போட்டேன்.