சோற்றில் பங்கு கேட்கும் புழு

பள்ளியில் பகலுணவு போடுவது புதுவைக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே, 1930இல், இங்கே அது தொடங்கிவிட்டது. பசித்த வயிற்றுக்குப் பாடம் ஏறாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர். ஆனால், தோழர்களே, நாம் போடும் சோறு முழுவதும் பிள்ளைக்குத்தான் போய்ச் சேருகிறதா? பந்தியில் அமராமல், இலையும் கேட்காமல், உள்ளே இருந்தபடியே பங்கு கேட்கும் விருந்தாளி ஒன்று உண்டு. அதன் பெயர் குடற்புழு.

நான் பாகூர்ப் பகுதியில் ஆசிரியன். புதுவையின் நெற்களஞ்சியம் என்று போற்றப்படும் மண் இது. ஏரி உண்டு, வாய்க்கால் உண்டு, கரும்பு உண்டு. கல்விக்கும் குறைவில்லை என்று ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடு சான்று கூறுகிறது. பல்லவன் நிருபதுங்கன் காலத்தில் இவ்வூர்க் கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் மானியமாக அளிக்கப்பட்டன. அந்தக் கூடத்தில் யார் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்தனர் என்று செப்பேட்டைப் பார்த்துக் கேட்கத் தோன்றும், அது கிடக்கட்டும். இன்று என் வகுப்பில் அமர்ந்திருப்போர் நாற்று நடுவோரின், கரும்பு வெட்டுவோரின் மக்கள். பள்ளி விட்டதும் செருப்பை உதறிவிட்டு வரப்பில் ஓடுபவர்கள்.

அந்த வெறுங்கால்தான் புழுவுக்கு வாயில். மலத்தோடு மண்ணில் விழும் கொக்கிப்புழுவின் முட்டை, ஈரமும் நிழலும் வாய்த்தால் பொரிந்து, சில நாளில் ஊசிமுனையினும் நுண்ணிய இளம்புழுவாகிக் காத்துக் கிடக்கும். மிதித்த காலைத் துளைத்து, குருதியோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, குடலைக் கவ்விக் குருதி குடிக்கும். இதைக் கண்டவர் லூஸ் என்னும் செருமானிய அறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கெய்ரோவில், இளம்புழு நிறைந்த நீர் தற்செயலாக அவர் கைமேல் சிந்தியது. தோல் சிவந்து அரித்தது. பின்னர்த் தம் மலத்திலேயே கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். நம் ஊரார் நாக்குப்பூச்சி என்னும் உருண்டைப்புழுவோ வாய்வழி வருவது. அதன் பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு 2 இலட்சம் முட்டை வரை இடும். நகக்கண்ணில் ஒட்டிய மண்ணே அவற்றுக்குப் போதிய ஊர்தி.

இத்தனையும் தெளிவாகிவிட்ட பின்னும், வெல்லம் தின்றால் வயிற்றில் பூச்சி பிறக்கும் என்கிறார்கள். வெல்லத்திலிருந்து பூச்சி பிறக்குமானால், கரும்பாலைத் தொழிலாளர் வயிறெல்லாம் என்னாவது!

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. பெயர் வேண்டாம். வெளிறிய முகம், முற்பகலிலேயே உறக்கம், யாரும் பாராதபோது சுவரோரத்து மண்ணைச் சுரண்டித் தின்னும் பழக்கம். வீட்டில் அதற்காக அடி. கையில் கறுப்புக் கயிறு, கழுத்தில் தாயத்து. அவளுடைய ஆயாவிடம் பேசினேன்.

"வாத்தியாரே, ஏரிக்கரையில ஒண்டியா போய்ப் பயந்துட்டா. மந்திரிச்சிருக்கு, சரியாப் பூடும்."

"மந்திரிச்சது இருக்கட்டும் ஆயா. இரத்தத்த ஒரு தடவ பாத்துடலாம், வாங்க."

வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோகை என்றனர். மலத்தைச் சோதித்ததில் கொக்கிப்புழு. குருதியில் இரும்பு குறைந்தால் மண் தின்னும் வேட்கை எழுவதுண்டு. குழந்தையின் உடல் முறையிட்டது. வீடு அதற்குப் பிரம்பெடுத்தது. புழு மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தந்தார்கள். சில மாதங்களில் பக்கத்துப் பெண்ணோடு எழுதுகோலுக்குச் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறினாள். ஓர் ஆசிரியனுக்கு இதைவிட இனிய சண்டை ஏது?

2015 முதல் பிப்ரவரி 10ஆம் நாளைத் தேசியக் குடற்புழு நீக்க நாளாகக் கொண்டு, பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். நல்ல பணி. ஆயினும் மாத்திரை, உள்ளிருக்கும் புழுவைக் கொல்லும். நாளை ஏறவிருக்கும் புழுவைத் தடுக்காது. 2017இல் தொடங்கி வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியார் திமிரியிலும் சவ்வாது மலையிலும் நடத்திய ஆய்வில், கொக்கிப்புழுவே மிகுதி, அதுவும் சிறுவரினும் வளர்ந்தோரிடம் மிகுதி என்று தெரிந்தது. மகனுக்கு மாத்திரை, தந்தையின் குடலிலோ புழு, இருவரும் நடப்பது ஒரே வரப்பு.

தென்கொரியாவைப் பாருங்கள். 1963இல் சொன்சு நகர மருத்துவமனையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அவள் குடலிலிருந்து எடுத்த உருண்டைப்புழுக்கள் 1,063. நாடு நாணியது. 1966இல் சட்டம் செய்தனர். ஆண்டுக்கு இருமுறை மாணவர் ஒவ்வொருவரும் தம் மலத்தைச் சிறு உறையில் இட்டுப் பள்ளிக்குக் கொணர்ந்தனர், சோதித்து மருந்தளித்தனர். மனித மலத்தை எருவாக வயலில் கொட்டும் வழக்கமும் மறைந்தது. 1971இல் நூற்றுக்கு 84 பேரிடம் புழுமுட்டை. 1997இல் நூற்றுக்கு மூவரினும் குறைவு. அங்கே எவரும் தாயத்துக் கட்டி இதைச் சாதிக்கவில்லை.

இங்கே தடை எது? பணமா? அந்த ஆயா வீட்டில் அரசு உதவியோடு கட்டிய கழிப்பறை நிற்கிறது. உள்ளே வைக்கோலும் மண்வெட்டியும். ஏன் என்றேன். "அடுப்பங்கரைக்குப் பக்கத்துல அத வச்சிக்கினு எப்படிச் சோறு துன்றது? நெறஞ்சா யாரு அள்றது?" என்றார். முதற்கேள்வியில் தீட்டு; இரண்டாவதில் சாதி. அள்ளுவதற்கென்றே ஒரு கூட்டம் பிறந்திருப்பதாக எண்ணிய காலத்தின் எச்சம். மனிதர் மலத்தை மனிதர் அள்ளச் செய்வதைக் குற்றமென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆகவே அள்ள ஆளில்லை. ஆகவே கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. வாய்க்கால் கரை திறந்து கிடக்கிறது.

வாசல் மணலில் கோடு கிழித்துக் காட்டினேன். குழி இரண்டு. ஒன்று நிறைந்தால் மற்றதற்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டுகளில் நாற்றமற்ற மண்ணாகிவிடும். வீட்டுக்காரரே மண்வெட்டியால் எடுத்து வயலுக்கு இடலாம். சிறுமியின் தந்தை முகம் சுளித்தார். "நாமளே அள்றதா?" என்றார். நாள்தோறும் விடியலில் மாட்டுச் சாணத்தை வெறுங்கையால் அள்ளுபவர் அவர். அதைச் சொன்னதும் சிரித்துவிட்டார்.

அறுவடை முடியட்டும், இரண்டாவது குழியைத் தோண்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறார். வைக்கோலை எங்கே போடுவது என்பதுதான் ஆயாவின் கவலை.