குடத்து ஓலையும் சனிக்கிழமை எண்ணெயும்

ஆக்ஸ்போர்டுக்குப் போகிறவர்களில் பலர் பக்கத்திலுள்ள பிளென்ஹைம் மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். உத்திரமேரூருக்கு வருகிறவர்களோ வைகுந்தப் பெருமாள் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். அதன் சுவரில்தான் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் (919, 921) இருக்கின்றன. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள். ஊர் வேலைகளைப் பார்க்கும் வாரியங்களுக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றும் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். விரல் மடங்கினால் வேறோர் ஓலை உள்ளே புகுந்துவிடும் அல்லவா! மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர்கள் வகுத்த விதி.

மேடைகளில் இதை மக்களாட்சி என்று முழங்குவதை மட்டும் சற்று அடக்கி வாசிக்கலாம். இது பிராமணர்களின் ஊர்ச்சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, 35 முதல் 70 வரை வயது, இவை உள்ள ஆண்களுக்கே ஓலை. உழுதவர்களுக்கு இடமில்லை. ஆனால் வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தேர்வுக்கு வர முடியாது என்ற விதி இருக்கிறதே, அதற்கு இன்றைய ஊராட்சிகளிலும் வேலை உண்டு.

எனக்கு இதைவிடப் பிடித்தது, பக்கத்திலேயே இருந்தும் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலின் நீண்ட கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோழ மன்னன் வீரராசேந்திரனுடையது. வேதமும் இலக்கணமும் கற்பிக்கும் கல்லூரி, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலசாலை என்ற மருத்துவமனை ஆகியவற்றின் வரவு செலவுதான் அதில் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய்; சனிக்கிழமை தலை முழுகவும் எண்ணெய்! ஆதுலசாலைக்கு ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சைக்கு ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளுக்கும் பட்டியல் உண்டு. தசமூல அரிதகி அதில் ஒன்று.

ஆக்ஸ்போர்டிலும் பாடம் நடந்ததற்கான முதல் தடயம் அதே நூற்றாண்டின் 1096ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாம் முந்தி என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. அங்கே படிப்பு இன்னும் நடக்கிறது, இங்கே கணக்கு மட்டும் மிஞ்சியது. திருமுக்கூடலின் இத்தனை செலவுக்கும் பணம் வந்தது வயலைக்காவூரின் வருவாயிலிருந்து. அந்த ஊர் இன்றும் உத்திரமேரூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது.