கைவசம் இன்னொரு கல்லூரி

மே, ஜூன் வந்தால் சித்தூரில் இரண்டு விஷயங்கள் சூடு பிடிக்கும். ஒன்று மாங்காய். கூழ் தொழிற்சாலைகளின் வாசலில் தோத்தாபுரி ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். மற்றொன்று கல்லூரி இடம். இதற்கான வரிசை கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குள் நிற்கிறது.

வெல்ல மண்டி ஒன்றில் கணக்கு எழுதுபவர் அவர். வீட்டில் தமிழ், வெளியே தெலுங்கு. 2025 ஜூனில் ஆந்திரப் பொது நுழைவுத் தேர்வில் மூத்த மகளுக்கு ரேங்க் வந்தது. (2021-க்கு முன்பு எம்செட் என்று பெயர், இப்போது ஏபி ஈஏபிசெட்.) மோசமான ரேங்க் அல்ல. ஆனால் நிம்மதியாகத் தூங்க விடுகிற ரேங்க்கும் அல்ல.

காட்பாடியிலிருந்து வந்த தாய்மாமன் ஒரு காகிதத்தில் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தார். முதலில் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி, கம்ப்யூட்டர் பிரிவு. 1954-இல் தொடங்கிய பல்கலைக்கழகம்; ராயலசீமைக் குடும்பங்களுக்கு அதன் பெயரே ஒரு சான்றிதழ். இரண்டாவது, அதே ஊரில் பேர் பெற்ற இன்னொரு கல்லூரி. "இது இல்லாட்டி அது. கவலையே வேணாம்" என்றார். அப்பாவுக்கும் திருப்தி.

மகளுக்கு இல்லை. முந்தைய ஆண்டுகளில் அந்த இரண்டு இடங்களிலும் கடைசியாகச் சேர்ந்தவர்களின் ரேங்க்கைத் தன் ஒதுக்கீட்டுப் பிரிவில் தேடிப் பிடித்தாள். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. "அப்பா, முதல் கதவு சாத்தினா ரெண்டாவதும் சாத்திடும். அப்புறம் இது எப்படி மாற்று ஏற்பாடு?" என்றாள்.

பெரும்பாலான பெற்றோர் தவற விடுவது இந்த இடத்தைத்தான். கணிதம், இயற்பியல், வேதியியலுடன் இன்டர்மீடியட் என்ற தகுதி எல்லாப் பொறியியல் கல்லூரிக்கும் ஒன்றே. அது மனு போடுவதற்கான தகுதி மட்டுமே. இடம் யாருக்கு என்பதை முடிவு செய்வது கடைசி ரேங்க். அது இரண்டு இடத்திலும் ஒன்றுபோல இருந்தால், கையில் இருப்பது இரண்டு வாய்ப்பு அல்ல. ஒரே வாய்ப்பை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம்.

மாமா விடவில்லை. வேலூர்ப் பக்கத்துத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்விலும் அவள் தேறியிருந்தாள். ஆந்திர கவுன்சலிங் தொடங்கும் முன்பே முன்பணம் கட்டச் சொல்லிக் கெடு. சீட்டு எடுத்த பணம் அப்பாவிடம் இருந்தது. ஆனால் தம்பி அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிக்கிறான். தவிர, கவுன்சலிங் மூலம் மாநிலத்துக்குள் சேர்ந்தால், வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு அரசு கட்டணத்தைத் திருப்பித் தருகிற திட்டம் உண்டு. எல்லையைத் தாண்டினால் அது இல்லை.

சித்தூர்த் தமிழர்களுக்கு இந்த எல்லை சாதாரணக் கோடு அல்ல. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. சித்தூர் இந்தப் பக்கம் நின்றது. வேலூர் கூப்பிடு தூரம் மாதிரி; பெண் கொடுப்பதும் எடுப்பதும் அங்கேதான். கல்லூரி இடம் என்று வந்தால் கதை வேறு. அரசியல் சட்டத்தின் 371டி பிரிவின் கீழ் 1974-இல் வந்த ஆணை, வட்டார மாணவர்களுக்கு 85 சதவீத இடங்களை ஒதுக்கியது. எங்கே படித்தோம் என்பதை வைத்தே வட்டாரம் தீர்மானமாகிறது. இன்டர்மீடியட்டுக்கு வேலூர் விடுதியில் சேர்க்கலாம் என்று மாமா சொன்னபோது அம்மா மறுத்திருந்தார். அந்த மறுப்பு இப்போது கைகொடுத்தது.

பிறகு அவளே உட்கார்ந்து பட்டியல் போட்டாள். பயத்தில் எளிய கல்லூரியை மேலே போடவில்லை. ஏனென்றால் கம்ப்யூட்டர் பட்டியலின் முதல் பெயரிலிருந்து பார்த்துக்கொண்டு வரும். ரேங்க் எட்டுகிற முதல் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். மேலே ஆசையை எழுதுவதால் கீழே இருப்பது கெட்டுப்போகாது. ஆனால் கீழே எதையும் எழுதாமல் விட்டால் வெறுங்கை.

முதலில் எஸ்.வி. கம்ப்யூட்டர். அடுத்து மாமாவின் இரண்டாவது பெயர். தூக்கி எறியவில்லை, நம்பி உட்காரவும் இல்லை. அதன் கீழே 1983-இல் பெண்களுக்காகவே தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம். அதற்கும் கீழே, கடைசி ரேங்க் வெகு தூரம் தள்ளி நிற்கும் சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, அதிலும் கம்ப்யூட்டர்தான்.

எஸ்.வி.யிலேயே கெமிக்கல் பிரிவு கேட்கலாமே என்றார் அப்பா. கல்லூரிப் பெயருக்காகப் பிடிக்காத பாடமா, பாடத்துக்காகப் பெயர் குறைந்த கல்லூரியா? இரண்டு நாள் யோசித்தாள். கெமிக்கலை எழுதவில்லை. தொலைவில் இருந்த வேறொரு கல்லூரியையும் அடித்தாள். "கிடைச்சா நான் போகமாட்டேன். போகாத ஊருக்கு எதுக்கு டிக்கெட்?" என்றாள்.

முதல் கட்டத்தில் கிடைத்தது சித்தூர்ப் பக்கத்துக் கல்லூரி. வீட்டில் யாரும் இனிப்பு வாங்கவில்லை. இரண்டாம் கட்டத்துக்குப் போகலாமா என்று மீண்டும் பேச்சு. அதில் ஒரு நிபந்தனை: புதிய இடம் கிடைத்தால் பழையது தானாக ரத்து, திரும்பி வர முடியாது. எதுவும் கிடைக்காவிட்டால் பழையது பத்திரம். ஆகவே உண்மையிலேயே மேலானது என்று அவள் நினைத்த மூன்று பெயர்களை மட்டும் மறுபடி எழுதினாள். மூன்றும் வரவில்லை. மாமாவின் இரண்டு பெயர்களும், அவள் சொன்னபடியே, சேர்ந்தே கைவிட்டன.

இன்று வீட்டிலிருந்தே போய் வருகிறாள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை. சீட்டுப் பணம் வங்கியில் இருக்கிறது. திருப்பதி போகாத வருத்தம் அவளுக்கு உண்டு. அதை மறைப்பதும் இல்லை. ஆனால் தன் பட்டியலில் தானே யோசித்து எழுதிய பெயர் இது என்பதால் வகுப்பில் வேண்டா வெறுப்பாக உட்காரவில்லை.

அக்கம்பக்கத்தில் அடுத்த ஆண்டு தேர்வெழுதப் போகும் பிள்ளைகள் அவளிடம் பட்டியல் கேட்டு வருகிறார்கள். கல்லூரிப் பெயர் எதையும் அவள் சொல்வதில்லை. இரண்டு கேள்விகளைத்தான் திருப்பிக் கேட்கிறாள்: "மேல இருக்கிறது போனா இது நிக்குமா? இது மட்டும்தான் கிடைச்சா, நாலு வருஷம் அங்க போவியா?"